நாள்பட்ட சிறுநீரக நோயா? ஒரு நோட்டு போட்டுத் தொடங்குங்கள்

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர் சொன்னதுமே பலருக்கும் டயாலிசிஸ்தான் கண்முன் வருகிறது. எல்லோருக்கும் அந்த நிலை வருவதில்லை. நோயின் வேகத்தைக் குறைக்க வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கு முதலில் ஒரு நோட்டு வேண்டும்.

1. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), இஜிஎஃப்ஆர், சிறுநீரில் அல்புமின் (ஒரு வகைப் புரதம்) மூன்றையும் எழுதுங்கள். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கான கணக்குதான் இஜிஎஃப்ஆர். 15-க்குக் கீழே போனால் கடைசி நிலை. போன தடவை 48, இப்போது 45 என்றால் உடனே பதறாதீர்கள். உடலில் நீர் குறைந்திருந்தாலே அந்த அளவுக்கு மாறும். பல மாத எண்களை வரிசையாகப் பார்த்தால்தான் போக்கு பிடிபடும்.

2. அடுத்தது பிரஷர். என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியம். கிட்னியில் இருப்பவை மெல்லிய ரத்தக்குழாய்கள். பிரஷர் ஏற ஏற அவை பழுதாகும். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல், வெறும் கையில் நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டையுமே எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதினால் டாக்டர் எதை நம்பி மருந்தின் அளவை மாற்றுவார்? பலருக்கு 130/80-க்குக் கீழே என்பது இலக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். பாக்கெட் உணவில் இருப்பதும் இதில் சேர்த்திதான். சரி, சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா? டாக்டரைக் கேட்காமல் கூடாது. அவற்றில் பலவற்றிலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பழுதான கிட்னியால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

4. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மருந்துக்கடையில் எதைக் கேட்பதற்கு முன்பும், கிட்னி நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

5. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக்குவது), சில பிரஷர் மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஆகியவற்றை அந்த நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். எதை, எத்தனை நாள் என்பதை அவர் சொன்னபடி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், மூச்சுத்திணறல் வந்தாலோ, சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.