தனியாகப் பறந்தபோது ரேடியோ ஊமையானது

பயிற்சிக் காலத்தில் தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரை ரேடியோவில் அழைத்தேன். பதிலே இல்லை. ஆனால் அவர்கள் மற்ற விமானங்களோடு பேசுவது தெளிவாகக் கேட்டது.

முதலில் விமானத்தை நிலையாக வைத்துக்கொண்டேன், அதுதான் முக்கியம். அப்புறம் அலைவரிசை எண்ணைச் சரிபார்த்தேன், இரண்டாவது ரேடியோவில் முயன்றேன். பயனில்லை. ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பான்டரில் 7600 போட்டேன். ரேடியோ தொடர்பு போனதைச் சொல்லும் குறியீடு அது. சில நொடிகளில், "நான் பேசுவது கேட்டால் ஐடென்ட் அழுத்துங்கள்" என்று கன்ட்ரோலரின் குரல் வந்தது. ரேடார் திரையில் என் விமானத்தைத் தனித்துக் காட்டும் பொத்தான் அது. அழுத்தினேன். அந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை!

டவரிலிருந்து விளக்கு ஒளியும் காட்டினார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சையைப் பார்த்ததும் இறக்கைகளை ஆட்டிக் காட்டிவிட்டு இறங்கினேன்.

தரையில் பார்த்தால், ஹெட்செட்டின் இரண்டு பிளக்குகளில் மெல்லியது, அதாவது மைக்குக்கானது, பாதி வெளியே வந்திருந்தது. என் முழங்கால் இடித்திருக்க வேண்டும். அழுத்திச் செருகியதும் சரியாகிவிட்டது. பேசும்போது என் குரல் எனக்கே ஹெட்செட்டில் கேட்காததை வானிலேயே கவனித்திருக்கலாம். இப்போதெல்லாம் அந்த பிளக்கைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.