முதல் இன்டர்வியூவுக்கு என்ன உடுத்துவது? உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

என் முதல் இன்டர்வியூவில் கேட்ட கேள்விகளில் பாதி மறந்துவிட்டது. இடது குதிகால் எரிந்தது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. அன்று காலையில்தான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த புது ஷூ. அண்ணனிடம் இரவல் வாங்கிய பேன்ட் வேறு. கண்ணாடி முன்னால் நின்றபோது கச்சிதமாகத்தான் இருந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பு இறுகியது, கால் பக்கம் மேலே ஏறியது, சாக்ஸுக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு வெறுங்கால் தெரிந்தது. எதிரே இருந்தவர் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அடியில் பேன்ட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை. பேன்ட்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சொன்ன பதில்களும் சுமார்தான். ஆனால் ஒன்று புரிந்தது. உடையை நாம் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கிறோம், இன்டர்வியூவோ உட்கார்ந்துகொண்டு நடக்கிறது. கீழே இருக்கிற படிகளை ஒரு வாரம் முன்பே தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். நாளைக்கே இன்டர்வியூ என்றால் நேராக 5-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

படி 1: அங்கே என்ன உடுத்துகிறார்கள் என்று பாருங்கள்

முதலில் அழைப்பு மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள். உடை பற்றி ஒரு வரி இருக்கலாம். ‘பிசினஸ் ஃபார்மல்’ என்றால் கோட் வேண்டும், பல இடங்களில் டையும் வேண்டும். ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், மூடிய ஷூ போதும். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் அதில் சேராது. ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தால் பிசினஸ் கேஷுவலையே உடுத்திவிடுங்கள், தப்பாகாது.

மெயிலில் எதுவும் இல்லையா? அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் படங்களைப் பாருங்கள். விழாப் படங்களை நம்ப வேண்டாம், அன்று எல்லோரும் வேறு மாதிரி வந்திருப்பார்கள். சாதாரண வேலை நாளில் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் போதும். அவர்கள் தினமும் போடுவதைவிட ஒரு படி மேலே போங்கள். டி-ஷர்ட் போடுகிற இடத்துக்குக் காலர் சட்டை, காலர் சட்டை போடுகிற இடத்துக்கு அதன் மேல் ஒரு கோட். வங்கி, தணிக்கை, சட்டம் போன்ற துறைகளில் கோட்டோடு போவதே பாதுகாப்பு.

அப்போதும் குழப்பமாக இருந்தால் கேட்டுவிடுங்கள். “நேர்காணலுக்கு எந்த மாதிரி உடையில் வர வேண்டும் என்று தெரிவிக்க முடியுமா?” என்று ஒரு வரி எழுதினால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், கட்டுமானத் தளம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். பேசி முடித்ததும் “வாங்க, இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம்” என்று கூட்டிப்போக வாய்ப்பு உண்டு. விரல் தெரியும் செருப்பு, உயரமான குதிகால், தொங்கும் துப்பட்டா எல்லாம் இயந்திரங்களுக்கு அருகே ஆகாது.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று தோன்றலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இறுதியில் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. முகங்களை, சற்று வசதியானவர் போடுவது போன்ற மேலுடையோடும், சற்று எளிய மேலுடையோடும் காட்டி, இவர் எவ்வளவு திறமையானவராகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். வசதியாகத் தெரிந்த உடைக்கே கூடுதல் மதிப்பு கிடைத்தது. படத்தை 129 மில்லி விநாடி மட்டும் காட்டியபோதும் அப்படித்தான். உடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தும் பெரிதாக மாறவில்லை. அநியாயம்தான். விலை உயர்ந்த துணிக்கு மாணவர்கள் எங்கே போவது? ஆனால் தோள் சரியாக அமைந்த, நன்றாக அயர்ன் செய்த சாதாரணச் சட்டை, அளவு தப்பிய விலையுயர்ந்த சட்டையைவிட எப்போதும் எடுப்பாகவே இருக்கும். அதற்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் தேவை.

படி 2: கடைக்குப் போகும் முன் அலமாரியைக் காலி செய்யுங்கள்

இருப்பதையெல்லாம் கட்டிலில் போடுங்கள். தேடவேண்டியது இரண்டே இரண்டு: ஒரு வெள்ளை அல்லது வெளிர் நீலச் சட்டை, ஒரு கருநீல அல்லது அடர்சாம்பல் பேன்ட். பேன்ட்டுக்குப் பதில் முட்டியை மறைக்கும் ஸ்கர்ட் போடுபவர்களுக்கும் இதே நிறங்கள் பொருந்தும். கறுப்பு பேன்ட்தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி, அதற்காக ஓடிப்போய் வாங்க வேண்டாம்.

இரவல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில கல்லூரிகளில் இன்டர்வியூவுக்கென்றே கோட்டுகளை வைத்திருந்து மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். முந்தின நாள் இரவு வாங்காமல் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கோட்டில் போடாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் ஷூ, அடுத்து தையல்காரர். மீதி இருந்தால் சட்டை.

படி 3: அளவு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும்.

தோளிலிருந்து தொடங்குங்கள். சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் சரிந்தால் அப்பாவின் சட்டையைப் போட்டதுபோல் இருக்கும், கழுத்துப்பக்கம் ஏறினால் கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கும். கழுத்துப் பட்டனைப் போட்டு, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் டைட். நான்கு விரல் போனால் டை கட்டும்போது காலர் சுருங்கிக்கொள்ளும். கை நீளம் மணிக்கட்டு எலும்பு வரை. கோட் போட்டால் சட்டைக் கை அதற்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கலாம்.

பேன்ட்டின் கீழ் விளிம்பு ஷூவின் மேல் லேசாகத் தொட்டு ஒரு சிறு மடிப்பு விழுந்தால் போதும். துணி குவிந்து நின்றால் நீளத்தைக் குறைக்கக் கொடுங்கள்.

இடுப்பைப் பிடிப்பது, நீளம் குறைப்பது, கை நீளத்தைச் சரிசெய்வது எல்லாம் தையல்காரருக்கு எளிய வேலைகள். தோள் அப்படியில்லை. கோட்டின் தோளை மாற்றுவது ஏறக்குறைய அதைப் பிரித்துத் தைப்பது மாதிரி. அதனால் தோள் பொருந்தாத கோட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். கோட் இல்லாத நல்ல சட்டையே மேல்.

மார்புப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே சட்டை விரிந்து இடைவெளி விடுகிறதா? உள்பக்கம் ஒரு சிறிய அழுத்து பட்டன் தைத்துவிடுங்கள். ஊக்கு குத்தினாலும் சமாளிக்கலாம், ஆனால் குனியும்போது குத்தும் என்ற பயம் கூடவே வரும். வெளிர் நிறத் துணிக்குள் கையை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே ஏதாவது போட வேண்டும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன்தான் அதிகம் தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமானதோ வெளிர் சாம்பலோ அவ்வளவாகத் தெரியாது.

படி 4: துணியும் வியர்வையும்

பதற்றத்தில் வியர்க்கும். ஏசி அறையிலும் வியர்க்கும். வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் ஈரத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும், வெள்ளையும் கருநீலமும் மறைக்கும். நிறைய வியர்ப்பவர் என்றால் நான் மேலே சொன்ன வெளிர் நீலத்தை மறந்துவிட்டு வெள்ளையை எடுங்கள்.

பருத்தி ஈரத்தை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் கசங்கும். பாலியஸ்டர் கசங்காது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் துவைத்த பிறகும் பழைய வியர்வை வாடை விடாமல் இருக்கும், உடம்புச் சூடு ஏறியதும் வெளியே வரும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகவேண்டும் என்றால் இரண்டும் கலந்த துணி வசதி. லினனை இன்டர்வியூவுக்கு எடுக்காதீர்கள், வாசல் தாண்டுவதற்குள் கசங்கிவிடும்.

படி 5: ஷூ

கறுப்பு அல்லது அடர்பழுப்பு, மூடியது, பாலிஷ் போட்டது. பெல்ட் அதே நிறத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் யாரும் ஆராயப் போவதில்லை.

புது ஷூ என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் தினமும் அரைமணி நேரம் போட்டு நடங்கள், அன்றைக்குப் போடப்போகிற அதே சாக்ஸோடு. குதிகாலில் சிவந்த இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். நாளைக்கே இன்டர்வியூ என்றால் புது ஷூவைத் தொடவே வேண்டாம். பழைய ஷூவைத் துடைத்து, பாலிஷ் போட்டு, லேஸ் மட்டும் புதிதாக மாற்றுங்கள். சாக்ஸ் பேன்ட் நிறத்தில், கெண்டைக்காலின் பாதிவரை வருகிற நீளத்தில். என் நாலு விரல் வெறுங்காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நாற்காலிச் சோதனை

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் போட்டுக்கொள்ளுங்கள். சட்டையை இன் செய்து, பெல்ட், ஷூ, கையில் ஃபைல். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் உட்காருங்கள். எதிரே இன்னொரு நாற்காலியில் நண்பரை உட்காரவைத்து “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று தொடங்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் உண்மையிலேயே பதில் சொல்லுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கை எத்தனை முறை உடைக்குப் போகிறது என்று நண்பர் எண்ணட்டும். காலரை இழுப்பது, ஸ்கர்ட்டைக் கீழே தள்ளுவது, டையைத் தடவுவது, தோளில் நழுவுவதை ஏற்றிவிடுவது, எல்லாமே கணக்கில் சேரும். ஒரே இடத்துக்கு மூன்று முறை கை போனால் அந்த உடையில் ஏதோ சரியில்லை. அதைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அப்புறம் எழுந்து கை குலுக்குங்கள். சட்டை இடுப்பிலிருந்து வெளியே வருகிறதா? தரையில் விழுந்த பேனாவைக் குனிந்து எடுங்கள், கழுத்துப் பக்கம் எப்படி இருக்கிறது என்று எதிரே இருப்பவர் சொல்லட்டும். பின்பக்கத்தையும் உட்கார்ந்த நிலையையும் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் நாம் நம் முதுகைப் பார்ப்பதே இல்லை. வளையல், கொலுசு, கொத்துச்சாவி எதுவும் சத்தம் போடக்கூடாது. அமைதியான அறையில் அது பெரிதாகக் கேட்கும்.

கோட் புதிது என்றால் பின்புறப் பிளவைச் சேர்த்து ‘X’ வடிவில் ஒரு நூல் தைத்திருக்கும். கடையில் கசங்காமல் இருக்கப் போட்டது அது, வெட்டிவிட வேண்டும். கைமேல் இருக்கும் துணிச் சீட்டும் அப்படித்தான். என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்த வெள்ளை நூலோடு மூன்று சுற்று முடித்துவிட்டு வந்தான். வேலையும் கிடைத்தது என்பது வேறு விஷயம். இரண்டு பட்டன் கோட் என்றால் மேல் பட்டனை மட்டும் போடுங்கள், உட்காரும்போது அதையும் கழற்றிவிடலாம். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் சரியான நீளம்.

படி 7: முந்தின நாள் இரவு

பருத்திச் சட்டையை லேசான ஈரத்தில் அயர்ன் செய்யுங்கள். பருத்தி இழையில் இருக்கும் நுண்ணிய பிணைப்புகளை ஈரமும் சூடும் சேர்ந்து தளர்த்துகின்றன. உலரும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அவை மறுபடி இறுகுகின்றன. அதனால்தான் காய்ந்து விறைத்த சட்டையை எத்தனை முறை தேய்த்தாலும் கோடு போவதில்லை. காலரில் தொடங்கி, கை, பிறகு உடல் பகுதி. அயர்ன் செய்ததும் உடனே போடாமல் கொஞ்ச நேரம் ஹேங்கரில் மாட்டிவையுங்கள், சூடு ஆறும்வரை புதுச் சுருக்கம் எளிதில் விழும். கறுப்பு, கருநீல பேன்ட்டை உள்பக்கம் திருப்பித் தேயுங்கள், இல்லையென்றால் பளபளப்பு ஏறிவிடும்.

சென்ட் வேண்டாம். சின்ன அறை, எதிரே இருப்பவர்களில் யாருக்காவது தலைவலி வரலாம். பேன்ட் பையில் ஃபோன், பர்ஸ், சாவி எதுவும் இல்லாமல் எல்லாம் பைக்குள் போகட்டும். பையில் ஒரு ஊக்கு, ஈரத்துணி, கைக்குட்டை.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால்

மெல்லிய கோடு, சிறு கட்டம் போட்ட சட்டைகள் கேமராவில் அலையலையாக மினுங்கும். பளீர் வெள்ளையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டால் முகம் இருண்டுவிடும். இங்கே மட்டும் வெள்ளையை விட்டு வெளிர் நீலத்துக்கு வாருங்கள். பின்னால் இருக்கும் சுவரின் நிறத்தையும் பாருங்கள், சட்டையும் அதே நிறம் என்றால் தலை மட்டும் மிதப்பதுபோல் தெரியும். கீழே ஷார்ட்ஸோடு உட்காரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சார்ஜர் எடுக்க எழுந்திருக்க வேண்டி வரும். பேன்ட் போடுங்கள்.

வீடு திரும்பியதும் சட்டையைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காலரையும் அக்குளையும் அன்றைக்கே சோப்புப் போட்டு அலசி உலர்த்துங்கள். எந்தச் சட்டை, எந்த டை என்று ஃபோனில் குறித்துவையுங்கள். அடுத்த சுற்றுக்கு இரண்டே நாளில் கூப்பிட்டால் அதே பேன்ட்டோடு வேறு சட்டை போதும்.