லினக்ஸில் பேக்கப் பாதியில் நின்றால்: கேபிளைக் கழற்றுவதற்கு முன்

சாமத்தியவீட்டு வீடியோ, கலியாணவீட்டுப் படங்கள், ஸ்கேன் பண்ணி வைத்த காணி உறுதிகள் என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே மடிக்கணினிக்குள் கிடப்பவை எத்தனையோ. அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றும்போது எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டி 99 வீதத்தில் நின்றுவிட்டால் கை நேரே கேபிளுக்குத்தான் போகும். தயவுசெய்து கழற்றாதீர்கள். அந்தக் கோப்பு மட்டுமல்ல, டிஸ்க்கின் கோப்பு அட்டவணையே குழம்பிப்போகலாம்.

1. உண்மையிலேயே நின்றுவிட்டதா?

லினக்ஸ் கோப்புகளை முதலில் ரேமில் வாங்கி வைத்து, பிறகு ஆறுதலாக டிஸ்க்கில் எழுதும். பட்டி ஓடி முடிந்த பிறகும், 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஒரு ஜிபிக்கு மேல்கூட எழுதப்படாமல் காத்திருக்கலாம்.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) கேட் கட்டளையால் புராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பைத் திறவுங்கள். நீளமான பட்டியல் வரும். டர்ட்டி (எழுதக் காத்திருப்பது), ரைட்பேக் (இப்போது எழுதப்படுவது) என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். எண்கள் குறைந்தால் வேலை நடக்கிறது, அப்படியே விடுங்கள். யூஎஸ்பி 2.0 என்றால் செக்கனுக்கு 30–40 எம்பிதான் போகும். 100 ஜிபிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும்.

2. கேர்னல் என்ன சொல்கிறது?

எண்கள் அசையவில்லையா? சரி, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் எழுதிவைத்த செய்திகளைப் பார்க்க, சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக்களை அடியுங்கள். கடைசி வரிகள்தான் முக்கியம்.

‘ரீசெட்’, ‘டிஸ்கனெக்ட்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளையும் மின்சாரத்தையும்தான். 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி வழியாகவே கரண்ட் எடுக்கிறது. தரநிலைப்படி 2.0 வாய் 500 மில்லி அம்பியரும் 3.0 வாய் 900 மில்லி அம்பியரும் தரும். ஹப்பில் மவுஸ், பென் டிரைவ் எல்லாம் சேர்ந்து தொங்கினால் டிஸ்க்குக்குப் போதாது. ஹப்பை விட்டுவிட்டு, கட்டையான வேறு கேபிளால் நேரே கணினியில் செருகிப் பாருங்கள்.

‘ஐஓ எரர்’ (வாசிக்கவோ எழுதவோ முடியவில்லை) என்று செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) எண்ணோடு வந்தால் அவசரப்படாமல் அது எந்த டிஸ்க் என்று பாருங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கின் பெயரையும் அளவையும் காட்டும். உதாரணமாக எஸ்டிபி என்ற பெயர் வெளி டிஸ்க்குடையதாக இருந்து, எரரும் அதில்தான் என்றால் வேறு டிஸ்க் தேடுங்கள். எரர் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் என்றால் நிலைமை கடுமை: மூலமே பழுதாகிறது. முழு பேக்கப்பை நிறுத்தி, உறுதிகளையும் படங்களையும் முதலில் எடுங்கள். மிச்சத்துக்கு டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது. வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய், நல்லதை முதலில் எடுத்துத் தரும்.

கான்சல் கொடுத்தும் நிற்கவில்லையென்றால், அந்த வேலை டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வரும்வரை, வேலையை வலிந்து நிறுத்தும் கில் கட்டளைக்கும் அது அசையாது. கொஞ்சம் பொறுங்கள்.

3. எப்போதும் ஒரே கோப்பிலா?

எரர் வரி இல்லாமல் பெரிய வீடியோவில் மட்டும் நின்றால் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருக்கும். அது 4 ஜிபியை எட்டும் கோப்பை ஏற்காது. விண்டோஸிலும் பாவிக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், லினக்ஸில் மட்டும் என்றால் இஎக்ஸ்டி4 என ஃபார்மட் செய்யலாம். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும். முதலில் அதற்கு இன்னொரு பிரதி எடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போன ஊர் இது. எதையும் ஒரே பிரதியில் விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

4. விட்ட இடத்திலிருந்து

மறுபடி தொடங்க ஆர்சிங்க் என்ற நகல் எடுக்கும் கட்டளை நல்லது. ஏற்கெனவே முழுதாகப் போன கோப்புகளை அது திரும்ப ஏற்றாது. முடிந்ததும், ரேமில் மிச்சமிருப்பதை டிஸ்க்கில் எழுதிமுடிக்க எஸ், வை, என், சி என்று அடித்து, பிராம்ப்ட் (அடுத்த கட்டளை அடிக்கும் வரி) திரும்பி வரும்வரை காத்திருங்கள். அப்புறம் ஆர்சிங்க்கை செக்சம் தெரிவோடு இன்னொருமுறை ஓடவிடுங்கள். இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் வாசித்து ஒப்பிடும், நேரம் எடுக்கும். புதிதாக எதையும் அனுப்பாமல் முடிந்தால் டிஸ்க்கை எஜெக்ட் செய்து கழற்றலாம்.