நாயின் காதில் எண்ணெய் விடுவதற்கு முன்

அல்சூரில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பட்டு தலையை உதறத் தொடங்கிவிடுவாள். காக்கர் ஸ்பானியல், தண்ணீர் குடிக்கும்போது காது இரண்டும் கிண்ணத்தில் நனையும். காதிலிருந்து புளித்த வாடையும் பழுப்பு மெழுகும் வந்தால், மாமியார் தேங்காயெண்ணெயைச் சுடவைப்பார். முதல் வேலை, அந்தக் கரண்டியை நைசாக வாங்கி வைப்பதுதான். இந்த வாடைக்கும் மெழுகுக்கும் பெரும்பாலும் காரணம் மலசேசியா என்ற ஈஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. அதற்குக் கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அப்படியிருக்க நாமே எண்ணெய் வார்ப்பானேன்?

போன வருடத்து மருந்தில் மிச்சம் இருந்ததை ஊற்றி நான் பத்து நாள் வீணாக்கினேன். முப்பது வருடம் பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடு பார்த்தவள் செய்கிற காரியமா இது! பிறகு பார்த்தால், ஈஸ்டோடு குச்சி வடிவ பாக்டீரியாவும் சேர்ந்திருந்தது.

ஆகவே காதைக் கழுவாமல் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கழுவினால் பார்க்க வேண்டியதும் போய்விடும். இரண்டு காதிலும் தனித்தனிப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, ஸ்லைடில் தேய்க்காமல் உருட்டச் சொல்லுங்கள். சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஈஸ்ட் ஊதா நிறத்தில் தெரியும்: உடலோடு ஒட்டிய அகலமான மொட்டு, ஈரத் தரையில் பதிந்த குட்டிச் செருப்புத் தடம் போல. செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

ஸ்லைடு ஈஸ்ட் என்று சொல்லும். எந்த வகை என்று சொல்லாது. நாய்க் காதில் பெரும்பாலும் இருப்பது மலசேசியா பாக்கிடெர்மாட்டிஸ். 1925இல் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலில் கண்டு விவரித்ததால் ‘பாக்கிடெர்ம்’ என்ற தடித்தோல் விலங்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டால் இந்த ஒரே இனத்துக்குள் பல மரபணு வகைகள்; ஒரே நாயின் உடலில் ஒன்றுக்கு மேற்பட்டவை குடியிருப்பதும் உண்டு. ஆரோக்கியமான காதிலும் இது இருக்கும் என்பதால், ஒவ்வாமை போன்ற மூலகாரணத்தையும் தேட வேண்டும். குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளுக்கு எல்லாத் திரிபுகளும் ஒரே மாதிரி அடங்குவதில்லை. ஒழுங்காக மருந்து விட்டும் குறையாவிட்டால், மாதிரியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்வது எளிது. மருத்துவர் தந்த திரவத்தைக் காது நிறைய விட்டு, அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் வரவேண்டும். நாய்க் காதின் குழாய் கீழே இறங்கி உள்ளே மடங்குவது. பஞ்சுக்குச்சியை நுழைத்தால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். பட்டு உதறட்டும், பழைய புடவையோடு ஒதுங்கி நில்லுங்கள். வெளியே வந்ததை மட்டும் துடைத்து, காது காய்ந்தபின் மருந்தை விடுங்கள்.

வாடை போனதும் மருந்தை நிறுத்தாதீர்கள். இன்னொரு ஸ்லைடு பாருங்கள். பட்டுவின் வலது காது சுத்தம். இடது காதில் பார்த்த இடமெல்லாம் ஏழெட்டுத் தடங்கள் மிச்சம். மருத்துவர் இன்னும் ஒரு வாரம் விடச் சொன்னார்.