மரக் கிட்டிலிருந்து ரிமோட் விமானம்: யாழ்ப்பாணத்தில் கட்டுகிறவர்களுக்கு

முதல் விமானத்துக்கே போர் விமானம், ஜெட் என்று ஆசைப்படாதீர்கள். செட்டை உடலுக்கு மேலே இருக்கிற, அடிப்பக்கம் தட்டையான, செட்டை நீளம் 1.2 முதல் 1.5 மீற்றர் வரை உள்ள ஒரு பயிற்சி விமானக் கிட் போதும். செட்டை மேலே இருப்பதும், அதன் இரண்டு பாதியும் நடுவிலிருந்து கொஞ்சம் உயர்ந்து போவதும் சேர்ந்து, விமானம் ஒரு பக்கம் சரிந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். பெட்டிக்குள் லேசரில் வெட்டிய, பால்சா என்கிற மிகவும் பாரம் குறைந்த மரத்தின் தகடுகள், கொஞ்சம் ஒட்டுப்பலகை, நீளக் குச்சிகள், முழு அளவு வரைபடம், இவ்வளவுதான் இருக்கும். மோட்டர், செர்வோ (செட்டையிலும் வாலிலும் அசைகிற பகுதிகளை இழுக்கிற சின்ன மோட்டர்), பற்றரி, ரான்ஸ்மிற்றர் (கையில் பிடிக்கிற ரிமோட்) எல்லாம் பெரும்பாலும் தனியே வாங்கவேண்டியவை, கிட்டின் விலையை மட்டும் பார்த்துச் சந்தோசப்படாதீர்கள்.

வாங்க முதல் ஒரு அலுப்பான வேலை இருக்கிறது. ரான்ஸ்மிற்றர் வானலை அனுப்புகிற கருவி, அதை நாட்டுக்குள் கொண்டுவருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கிற விஷயம். ஆளில்லாமல் பறக்கிறவற்றுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. இரண்டு இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள், பிறகு ஒருவர் வந்து விசாரித்தால் காட்ட அதுதான் உதவும். பலாலியில் 2019 இலிருந்து சர்வதேச விமான நிலையமும் நடக்கிறது, பக்கத்தில் இராணுவ இடங்களும் இருக்கின்றன, ஆகவே அந்தச் சுற்றாடலில் வீட்டு வளவில் பறக்கவிடலாம் என்ற யோசனையை இப்பவே விட்டுவிடுங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமாவிடம் விமானத்துக்கான லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி சொல்லிவிடுகிறீர்கள் என்றால், அது கைப்பையில் மட்டும்தான் வரலாம், பாரம் போடுகிற பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 3 செல், 2200 எம்ஏஎச் பற்றரி ஏறத்தாழ 24 வோற்-மணிதான், விமானங்களில் வழக்கமாக விடுகிற 100 வோற்-மணிக்கு மிகவும் கீழே.

சரி, கட்டுவோம். ஒரு விமானம் ஒழுங்காகப் பறக்குமா இல்லையா என்பது வெளியில் அல்ல, கட்டுகிற மேசையில் முடிவாகிவிடுகிறது. பலகை வளைந்திருந்தால் செட்டை முறுகும், முறுகிய செட்டையை வானத்தில் எந்த ரிமோட்டாலும் நேராக்க முடியாது. ஆகவே பணத்தையும் பொறுமையையும் முதலில் பலகையில் போடுங்கள். தட்டையான பழைய கதவுப் பலகை, அதற்கு மேல் குண்டூசி இறங்கக்கூடிய மென்பலகையோ தடித்த ரிஜிபோமோ போதும். ஒரு நீளமான அலுமினியச் சட்டத்தை நிறுத்திவைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். அதன்மேல் வரைபடத்தை ஒட்டி, அதற்கும் மேலே மெல்லிய பொலித்தீனை விரியுங்கள், இல்லாவிட்டால் செட்டையோடு சேர்த்து வரைபடத்தையும் ஒட்டிவிடுவீர்கள்.

பால்சா எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு குச்சிகளில் ஒன்று இரும்பு மாதிரி விறைப்பாகவும் மற்றது தொய்வாகவும் இருக்கும். கையில் எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரே அளவு வளைகிற இரண்டை இடது வலது செட்டைக்கு ஒதுக்குங்கள், மென்மையான, பாரம் குறைந்த மரத்தை வாலுக்கு வையுங்கள். இதற்கு மினக்கெடுகிற நேரம் வீணில்லை.

செட்டையில் முதலில் கீழ் ஸ்பாரை, அதாவது செட்டையின் நீளத்துக்குப் போய்ப் பாரம் தாங்குகிற குச்சியை, வரைபடத்தில் குண்டூசியால் நிறுத்துங்கள், ஊசியைக் குச்சிக்குள் குத்தாமல் இரண்டு பக்கமும் அணைத்தாற்போல் குத்துங்கள். செட்டைக்கு வடிவம் கொடுக்கிற குறுக்குத் தகடுகளான விலாக்கள் ஒவ்வொன்றையும் செங்கோண மட்டம் வைத்து நிறுத்தி, மேல் ஸ்பாரை இறக்கி, பிறகு முன் விளிம்பும் பின் விளிம்பும். இரண்டு ஸ்பாருக்கும் நடுவே விலாக்களுக்கிடையில் வருகிற சின்னத் தகடுகளை மரத்தின் நார் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒட்டவேண்டும். நார் படுத்திருந்தால் அந்தத் தகடு இருந்தும் இல்லாததுபோலத்தான். எல்லாவற்றையும் ஊசியோடு ஒரு இரவு விடுங்கள். காலையில் எடுத்துக் கண் மட்டத்தில் பின்னாலிருந்து பாருங்கள், பின் விளிம்பு ஒரே கோடாகத் தெரியவேண்டும். இரண்டு பாதியையும் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து அரால்டைட் மாதிரியான இரட்டைப் பசையால் சேர்க்கும்போது, வரைபடம் சொல்கிற உயரத்துக்கு ஒரு நுனியின் கீழே கட்டை வைத்து, காய்கிறவரை அசைக்காதீர்கள்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேண்டும், ஏனென்றால் இங்குள்ள காற்றுக்கு அது வேறு மாதிரி நடக்கிறது. சூப்பர் குளூ ஈரப்பதத்தால்தான் இறுகுகிறது, மாரிகாலத்தில் நினைக்க முதலே பிடித்துவிடும், ஆகவே முதலில் பொருத்திப் பார்த்து, சரி என்றபின் துளி விடுங்கள். போத்தலை நன்றாக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவுக்குள் போட்டு வைத்தால் கொஞ்சக்காலம் தாங்கும். தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசை அதற்கு எதிர்மாறு, மழைநாளில் காய ஒரு நாள் முழுக்க எடுக்கும், ஆனால் ஆறுதலாக நேர்பார்க்க விடும், செட்டைக்கு நான் அதையே சொல்வேன். எதுவென்றாலும் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் ஒரு தென்னை ஈர்க்கு நுனியால் தொட்டு வையுங்கள். மூட்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கிற பசை பலத்தைக் கூட்டாது, பாரத்தைத்தான் கூட்டும். சூப்பர் குளூப் புகை கண்ணை எரிக்கும், யன்னலைத் திறந்து மின்விசிறியைப் பின்னாலிருந்து போடுங்கள்.

உடல் சுலபம். இரண்டு பக்கத் தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே மாதிரி இருக்கிறதா பார்த்துவிட்டு, குறுக்குச் சட்டங்களை நேர் செங்கோணத்தில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. மோட்டர் நிற்கிற முன் பலகைக்கு மட்டும் இரட்டைப் பசை கட்டாயம். மோட்டர் வரைபடத்தில் வலப்பக்கமும் கீழ்நோக்கியும் ஒரு 2, 3 பாகை திரும்பி இருக்கும், அதைப் பிழை என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள், மூக்கில் சுழல்கிற காற்றாடியின் விசையைச் சமாளிக்கத்தான் அப்படி. வால் பகுதியில் தேவையில்லாத ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும், ஆகவே வாலைத் தேய்க்கக் கஞ்சத்தனம் வேண்டாம்.

மரச்சட்டத்தை மூடுகிற, அயன்பெட்டிச் சூட்டில் ஒட்டிச் சுருங்குகிற பிலிமை ஒட்ட முதல் முழுவதையும் நுண்ணிய சான்ட் பேப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். மரம் ஈரமாக இருக்கும் நாளில் பிலிம் ஒட்டினால், பங்குனி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கிப் பிலிமில் சுருக்கம் விழும், நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். அயன்பெட்டியின் வெப்பம் பிலிமுக்குப் பிலிம் மாறும், அதோடு வருகிற தாளைப் படித்துவிட்டு ஒரு கழிவுத் துண்டில் சோதியுங்கள். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு மேல், சுருக்கும்போது இரண்டு பக்கத்தையும் மாறி மாறி. ஒரு பக்கத்தையே சூடாக்கினால் அந்தப் பக்கம் இழுத்துச் செட்டையை முறுக்கிவிடும். முறுகியிருந்தால் எதிர்ப்பக்கம் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவரைப் பிலிமைச் சூடாக்கச் சொல்லி, ஆறும்வரை விடாதீர்கள், பெரும்பாலும் நேராகிவிடும்.

மின்சாரப் பக்கத்தில் விமானத்தின் பாரம் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 வோற் மோட்டர் சக்தி பயிற்சி விமானத்துக்குத் தாராளம். செர்வோ பொருத்தி ரான்ஸ்மிற்றரைச் சரிசெய்கிற நேரம் முழுக்கக் காற்றாடியைக் கழற்றி வையுங்கள், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை, மோட்டர் திடீரென்று சுழன்றால் விரல் போய்விடும். விமானத்துக்குப் பின்னால் நின்று ரான்ஸ்மிற்றரின் ஸ்ரிக்கை (விரலால் தள்ளுகிற தண்டு) வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரன், அதாவது செட்டையின் பின் விளிம்பில் அசைகிற தகடு, மேலே போகவேண்டும், இடது கீழே. புது விமானம் விழுகிற காரணங்களில் இது மாறிப் பூட்டியிருப்பதும் ஒன்று, பறக்கமுன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

விமானத்துக்கு ஈர்ப்பு மையம், பட்டத்துக்கு முச்சை (நூலைக் கட்டுகிற கயிற்று முடிச்சு) மாதிரி. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பெரிய பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, முச்சை ஒரு விரற்கடை மாறினால் பட்டம் குத்திக்கொண்டு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். செட்டையின் முன்பின் அகலம் 22 செ.மீ. என்றால், முன் விளிம்பிலிருந்து 5.5 முதல் 6.6 செ.மீ.க்குள், அதாவது 25 முதல் 30 சதவீதத்துக்குள், பற்றரியும் உள்ளே வைத்தபடி இரண்டு விரலில் தூக்கினால் மட்டமாக நிற்கவேண்டும். வரைபடம் வேறு அளவு சொன்னால் வரைபடம் சொல்வதே சரி. முதலில் பற்றரியை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், அதுவும் போதாவிட்டால்தான் மீன்பிடி ஈயக்குண்டு. கொஞ்சம் மூக்குப் பாரமாக இருந்தால் மந்தமாகப் பறக்கும், வால் பாரமாக இருந்தால் பறக்கவிடவே கூடாது.

பறக்கவிட நல்ல காலம் மாசி, பங்குனி, சித்திரை. நெல் வெட்டிய வயல் காய்ந்து திறந்து கிடக்கும், வாடை அடங்கியிருக்கும், சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. தென்மராட்சி வயல்வெளிகள் நல்லவை, ஆனால் காணிக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பனங்கூடலுக்குக் காற்று ஒதுங்குகிற பக்கம் நிற்காதீர்கள், அங்கே காற்று சுழன்று விமானத்தைக் கீழே அமத்தும், பனையில் சிக்கினால் ஏறி எடுக்கச் சீவல் தொழில் தெரிந்தவரைத்தான் தேடவேண்டும். தையில் பட்ட நூல் இருக்கிற வானத்தில் விமானம் வேண்டாம், நைலோன் நூல் தெரியாது.

முதல் நாளுக்குமுன் கணினியில் ஒரு சிமுலேற்றரில் கை பழகுங்கள், முடிந்தால் பறக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். காற்று வருகிற பக்கமே முகம் வைத்து ஏறுங்கள், உயரத்துக்குப் போனபின் திருப்புங்கள். எல்லாருக்கும் குழப்பம் வருவது விமானம் உங்களை நோக்கித் திரும்பி வரும்போதுதான், அப்போது இடது வலது என்று யோசிக்காமல், எந்தச் செட்டை தாழ்கிறதோ அந்தப் பக்கமாக ஸ்ரிக்கைத் தள்ளுங்கள், அது எழும்பிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள், பற்றரி முற்றாக இறங்கும்வரை பார்த்துக்கொண்டிராதீர்கள். இறங்கியதும் முதலில் பற்றரியைக் கழற்றி, பிறகு விமானத்தை வடிவாகப் பாருங்கள், சக்கரக் கம்பி, மோட்டர் திருகு, எய்லரன் மூட்டு, செட்டையைக் கட்டுகிற றப்பர் பட்டி எல்லாம். இந்த வெயிலுக்கு றப்பர் கெதியில் வெடிக்கும், வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அடுத்த சில நாட்களுக்குப் பறக்கப் போவதில்லை என்றால் பற்றரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் விட்டு, தகர ஓட்டின் கீழ் அல்லாமல் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.