‘ஏஸ் இன் த ஹோல்’ காட்டி இளம் நிருபர்களுக்குப் பயிற்சி நடத்துவது எப்படி?

செய்திக்காக ஒருவரின் மீட்பைத் தாமதப்படுத்தும் நிருபரைப் பற்றி பில்லி வைல்டர் 1951இல் எடுத்த இந்தப் படம் 111 நிமிடம் ஓடும். பயிற்சிக்கோ நான்கு மணி நேரம் வேண்டும். படத்தை மட்டும் போட்டு அனுப்பினால், ‘அந்த நிருபர் கெட்டவன்’ என்ற ஒற்றை முடிவோடு பிள்ளைகள் எல்ஆர்டி ரயில் ஏறிவிடுவார்கள்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் பிடிப்பதற்கு முன் அனுமதிகளைப் பாருங்கள். கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்குத்தான். மண்டபத்தில் காட்ட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதோடு, மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். கோலாலம்பூரில் அப்படி அனுமதியில்லாத ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்ட ஏற்பாட்டாளருக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பன்னிரண்டு பேர் போதும். பதினாறைத் தாண்டினால் கூச்சப்படுகிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வசனம் படு வேகம் என்பதால் ஆங்கிலத் துணைத்தலைப்பு ஓடட்டும்.

கதையை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரப் பத்திரிகை அலுவலகச் சுவரில் ‘உண்மையைச் சொல்’ என்று பூத்தையல் போட்டுச் சட்டமிட்ட வாசகம் தொங்கும். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அவ்வளவு எச்சரிக்கையானவர்; இடுப்புவாரும் போட்டு, தோள்பட்டை வாரும் போட்டிருப்பார். வேலை தேடி வரும் நிருபன் டேட்டம் (நடிகர் கர்க் டக்ளஸ்) அந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறான் என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

குகைக்குள் லியோ என்பவர் சிக்கிக்கொண்ட பிறகு, மீட்புப் பணிக் குத்தகைக்காரர் வரும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்துங்கள். சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தால் ஏறக்குறைய அரை நாளில் ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம். மலை உச்சியிலிருந்து துளைத்தால் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். டேட்டத்துக்கு அந்த ஒரு வாரம் முதல் பக்கச் செய்தி. வெண்பலகையில் பெயர்களை எழுதுங்கள்: டேட்டம், ஷெரிப் (உள்ளூர்க் காவல் தலைவர்), குத்தகைக்காரர், லியோவின் மனைவி, இளம் புகைப்படக்காரன். யாருக்கு எது தெரியும், தாமதத்தால் யாருக்கு என்ன லாபம் என்று பிள்ளைகளே நிரப்பட்டும். இங்கே இருபது நிமிடம் செலவிடுங்கள். படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டேட்டம் தனியாக எதையும் செய்திருக்க முடியாது. ஷெரிப்புக்குத் தேர்தல், குத்தகைக்காரருக்குப் பிழைப்பு என்று ஆளுக்கொரு தலையாட்டல் சேர்ந்துதான் துளைப்பு இயந்திரம் மலையேறுகிறது. மீண்டும் ஓடவிட்டதும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வைத்த நுழைவுக் கட்டணப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படம் முடிந்ததும் வழக்கமாக ஒரு தவறு நடக்கும். டேட்டம் உதாரணம் காட்டும் பிளாய்ட் காலின்ஸ் விபத்து உண்மையானது. 1925இல் கென்டக்கியில், காலில் பாறை விழுந்து அவர் குகைக்குள் சிக்கினார். சுரங்கம் வெட்டி எட்டியபோது உயிர் போயிருந்தது. அதை எழுதிப் புலிட்சர் என்னும் அமெரிக்கப் பத்திரிகைப் பரிசை வாங்கிய நிருபர் மீட்பைத் தாமதப்படுத்தியவர் அல்ல. குகைக்குள் தானே ஊர்ந்து போய்ச் சாப்பாடு கொடுத்தவர். கற்பனைப் பாத்திரத்தின் பழியை அவர் தலையில் கட்டும் பிள்ளையை அப்போதே திருத்துங்கள்.

தே தாரிக் (ஆற்றிய பால்தேநீர்) குடித்துவிட்டு எழுத உட்கார வையுங்கள். ஆளுக்கொரு சீட்டு: ‘2024 ஆகஸ்ட் 23. ஜாலான் மஸ்ஜிட் இந்தியா, கோலாலம்பூர். நடைபாதை உள்வாங்கியது. எட்டு மீட்டர் ஆழம். இந்தியாவிலிருந்து வந்த பெண் சுற்றுப்பயணி விழுந்தார். அவர் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 31இல் தேடல் நிறுத்தப்பட்டது.’ அறுபது சொற்களில் செய்தி, அதற்கொரு தலைப்பு. பெயர் வேண்டாம், குடும்பத்தாரின் அழுகை வேண்டாம், காணொளி எதையும் போட்டுக்காட்டவும் வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு இது இன்னும் ஆறாத துக்கம்.

திருத்தும்போது முதலில் தலைப்பில் ‘பகீர்’, ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’ என்று எதுவும் இருந்தால் அடியுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைவிட ஆபத்தானவை சாதுவாகத் தெரியும் வினைச்சொற்கள்: ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’, ‘நம்பப்படுகிறது’. யார் கூறினார், யாருக்குத் தெரியவந்தது, யார் நம்புகிறார் என்பதை இவை விழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியும் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் ‘கூறப்படுகிறது’க்குள் நுழைந்தால் ஒரே நிறம் பெறும். ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘யார்?’ என்று எழுதுங்கள். விடை தெரியாத வாக்கியம் அச்சுக்குப் போகக்கூடாது. ‘குழிக்கு இதுதான் காரணம் என நம்பப்படுகிறது’ என்று, சீட்டில் இல்லாத காரணத்தைச் சேர்த்தவர்களும் இங்கே பிடிபடுவார்கள்.

சீட்டிலேயே, யார் நிறுத்தினார் என்று சொல்லாமல், ‘தேடல் நிறுத்தப்பட்டது’ என்று இருக்கிறதே என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டவுடன், நிறுத்துவதென முடிவெடுத்தவர் யார், அதை அறிவித்தவர் யார் என்று அன்றைய நாளிதழ்களில் தேடி எடுத்துவரச் சொல்லி அனுப்புங்கள்.