கடற்பாசியும் கரியும்: தண்ணீரில் உள்ள சாயத்தைப் பிடிக்கும் மணிகள் செய்வது எப்படி?

தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) தூள் சாயத்தை நன்றாகப் பிடிக்கும். ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பே பல நூறு சதுர மீட்டர் வரும். ஆனால் வேலை முடிந்ததும் அந்தத் தூளைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் சோடியம் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளில் அதைப் பொதித்து மணிகளாக்கினால், சாதாரண வடிகட்டியே போதும்.

தேவை: சோடியம் ஆல்ஜினேட் 2 கிராம், கார்பன் தூள் 1 கிராம், கால்சியம் குளோரைடு 4 கிராம், காய்ச்சி வடித்த நீர், ஊசி இல்லாத சிரிஞ்சு, சோதிக்கக் கொஞ்சம் மெத்திலீன் நீலம் என்ற சாயம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், கரித்தூள் பறக்கும்.

1. 100 மி.லி. நீரைக் கலக்கிக்கொண்டே ஆல்ஜினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி தட்டிவிடும். பொறுமை கேட்கும் இடம் இதுதான். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் முன்கூட்டியே இறுக்கத் தொடங்கிவிடும்.

2. கார்பன் தூளைச் சேர்த்துக் கலக்கி, காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை வையுங்கள். குமிழ் மாட்டிக்கொண்ட மணி மிதக்கும்.

3. வேறொரு பாத்திரத்தில் 200 மி.லி. நீரில் கால்சியம் குளோரைடைக் கரையுங்கள். லேசாகச் சூடாகலாம், ஆறட்டும். அப்புறம் கரிக் கலவையைச் சிரிஞ்சில் எடுத்து அதில் சொட்டு சொட்டாக விடுங்கள். சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் புகுந்து ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதால், சொட்டு விழுந்த உடனேயே தோல் இறுகும். மணிக்கு வால் முளைத்தால் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விடுங்கள்.

4. உள்வரை இறுக ஓர் இரவு ஊறவிட்டு, அலசுங்கள். உலர்த்த வேண்டாம், சுருங்கிவிடும்.

சரி, சோதனை. மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு வெளிர்நீலச் சாயநீர். ஒன்றில் கரி மணிகள், இன்னொன்றில் கரி சேர்க்காமல் இதே முறையில் செய்த ஆல்ஜினேட் மணிகள், மூன்றாவதில் மணிகளின் அளவுக்கு வெறும் நீர். இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்: ஈர மணிகளுக்குள் பெரும்பகுதி நீர்தான், அது கலந்தாலே நிறம் கொஞ்சம் மங்கும். கரியில்லாத மணிகளும் ஓரளவு நீலத்தை இழுக்கும், ஏனென்றால் ஆல்ஜினேட்டுக்கு எதிர் மின்னூட்டம், மெத்திலீன் நீலத்துக்கு நேர் மின்னூட்டம். கரியின் பங்கு கரி மணிக் குவளைக்கும் கரியில்லாத மணிக் குவளைக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரியும்.

பாஸ்பேட் கலந்த சோப்புநீரில் இந்த மணிகள் கரைந்து போகும்; பாஸ்பேட் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். கிருமியை இவை கொல்லாது, எனவே குடிநீருக்கு ஆகாது. பிடித்த சாயம் மணிக்குள்ளேயே இருப்பதால், பயன்படுத்தியவற்றைச் செடிக்குப் போடாமல் ரசாயனக் கழிவோடு சேருங்கள்.